நோயால் வேலை போனது. ஊன ரைடர், தீவிர நோய் ரைடர் இரண்டும் மறுக்கப்பட்டுவிட்டன

ஆம்பூர்வாசி எழுதியது:

என் அண்ணனுக்கு வயது 46. ஆம்பூரில் ஒரு காலணித் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்தார். இரு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டதால் 2024 ஆகஸ்டு முதல் வேலூருக்குச் சென்று தொடர்ந்து டயாலிசிஸ் செய்துகொள்கிறார். வேலைக்குப் போக முடியவில்லை. சம்பளம் 21,000 ரூபாய் வரம்பைத் தாண்டியிருந்ததால் ஈ.எஸ்.ஐ. பாதுகாப்பும் இல்லை. 2019-இல் எடுத்த ஆயுள் காப்பீட்டுப் பாலிசியோடு ரைடர் எனப்படும் கூடுதல் பாதுகாப்புகள் இரண்டை, நிரந்தர ஊனத்துக்கு ஒன்றும் தீவிர நோய்க்கு ஒன்றுமாக, சேர்த்திருந்தோம். 2025 ஏப்ரலில் நிறுவனம் இரண்டையும் மறுத்துக் கடிதம் அனுப்பியது. ஊனம் விபத்தினால் ஏற்பட்டதன்று என்பது முதல் காரணம். மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘பத்தாண்டுகளாக இரத்தக் கொதிப்பு’ என்று எழுதப்பட்டிருப்பதால், முன்பே இருந்த நோயை மறைத்துப் பாலிசி எடுத்தார் என்பது இரண்டாவது. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்கி வந்தால் ஊனத் தொகை கிடைக்கும் என்று ஒருவர் சொல்கிறார். எந்த வழியில் போவது?

சத்துவாச்சாரி ஓய்வூதியர் எழுதியது:

நான் காப்பீட்டு அலுவலகத்தில் கிளெய்ம் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். கடிதத்தில் உள்ள இரண்டு மறுப்புகளும் ஒரே தன்மையுடையவை அல்ல.

நம் நாட்டில் விற்கப்படும் ஊன ரைடர்களில் பெரும்பாலானவை விபத்துக்கு மட்டுமே உரியவை. ரைடரின் விதியில் ‘விபத்து’ என்ற சொல் இருந்தால், நோய் எவ்வளவு கொடியதானாலும் அந்தத் தொகை வராது. அடையாள அட்டையும் இதற்கு உதவாது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்டுள்ள 21 வகைக் குறைபாடுகளில் பார்க்கின்சன் நோய், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் போன்ற நாட்பட்ட நோய்கள் இருக்கின்றன. சிறுநீரகச் செயலிழப்பு இல்லை. இதற்காக அலைய வேண்டாம்.

தீவிர நோய் ரைடரை விடாதீர்கள். இரு சிறுநீரகங்களும் மீளாத வகையில் செயலிழந்து, தொடர் டயாலிசிஸ் தொடங்கப்பட்டிருந்தால், ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த பொது வரையறைக்குள் அவர் நோய் அப்படியே பொருந்துகிறது. அதனால்தான் நிறுவனம் நோயை மறுக்காமல் ‘மறைத்தார்’ என்கிறது. காப்பீட்டுச் சட்டத்தின் 45-ஆவது பிரிவுப்படி, பாலிசி தொடங்கி மூன்றாண்டு கடந்துவிட்டால் எக்காரணம் கொண்டும் அதைக் கேள்விக்குட்படுத்த முடியாது. ஆனால் இடையில் பாலிசி காலாவதியாகிப் புதுப்பிக்கப்பட்டிருந்தால், அந்த மூன்றாண்டு புதுப்பித்த நாளிலிருந்து மீண்டும் தொடங்கும். ஊரடங்குக் காலத்தில் பிரீமியம் கட்டாமல் விட்டவர்கள் நம் மாவட்டங்களில் ஏராளம் என்பதால் கேட்கிறேன்: இடையில் நின்று போனதா?

ஆம்பூர்வாசி:

ஆம் ஐயா. தொழிற்சாலை மூடியிருந்தபோது கட்டவில்லை. 2022 ஜூனில் அபராதத்தோடு கட்டிப் புதுப்பித்தோம். அப்போது உடல்நல அறிவிப்புப் படிவத்தை முகவரே நிரப்பிக் கையெழுத்து வாங்கினார். அண்ணனுக்கு இரத்தக் கொதிப்பு இருப்பது 2023-இல் குடியாத்தத்தில் ஒரு மருத்துவர் பார்த்தபோதுதான் தெரியவந்தது. அந்தப் ‘பத்தாண்டு’ எங்கிருந்து வந்ததென்று எங்களுக்கே தெரியவில்லை.

காட்பாடி செவிலியர் எழுதியது:

நோயாளி மூச்சுத் திணறலோடு வந்து சேரும் இரவில், பணியிலிருக்கும் பயிற்சி மருத்துவர் உடன் வந்தவரிடம் கேட்கிறார். கூட வந்த மாமாவோ பக்கத்து வீட்டுக்காரரோ ‘ரொம்ப வருஷமா பி.பி. இருக்கு’ என்று சொல்வார். அது ‘பத்தாண்டு’ என்று தாளில் ஏறிவிடும். பிறகு ஒவ்வொரு சம்மரியிலும் அதே வரி படியெடுக்கப்படும். எந்தப் பரிசோதனையும் அதற்குப் பின்னால் இருக்காது.

எழுதியதைத் திருத்தித் தரும்படி மருத்துவமனையிடம் கேட்காதீர்கள். அது சந்தேகத்தையே வளர்க்கும். சேர்க்கையின்போது எழுதிய முதல் குறிப்பு உட்பட முழுக் கோப்பின் நகலை எழுத்து மூலம் கேளுங்கள். இந்திய மருத்துவக் கவுன்சில் விதிகளின்படி 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். அந்தத் தகவலைச் சொன்னவர் யார் என்று அதில் பதிவாகியிருக்கலாம். சிறுநீரக மருத்துவரிடம் ஒரு கடிதமும் வாங்குங்கள். சிறுநீரகம் கெடுவதாலேயே இரத்தக் கொதிப்பு வருவதுண்டு. ஆகவே 2023-இல் கண்டுபிடிக்கப்பட்ட கொதிப்பு நோயின் விளைவாகவும் இருக்கலாம் என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

சத்துவாச்சாரி ஓய்வூதியர்:

அம்மா சொன்னது மிகச் சரி. 2022 ஜூனிலிருந்து மூன்றாண்டு முடியுமுன்பே கடிதம் வந்துவிட்டதால், காலக்கெடு வாதம் உங்களுக்கு இல்லை. ஆதாரத்தில்தான் நிற்க வேண்டும். நீரிழிவை மறைத்தவர் சிறுநீரகச் செயலிழப்புக்கு ஆளான வழக்கொன்றில், 2009-இல் உச்ச நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கமே நின்றது. ஆகவே ‘இரண்டுக்கும் தொடர்பில்லை’ என்று எழுத வேண்டாம். ‘2022 ஜூனில் அவருக்கே தெரியாது’ என்று எழுதுங்கள். தெரியாத ஒன்றை எவரும் மறைக்க முடியாது. தெரிந்திருந்தால் பாலிசியே தந்திருக்கமாட்டோம் என்று காட்டும் பொறுப்பும் அதே 45-ஆவது பிரிவின்படி நிறுவனத்துடையது. குடியாத்தம் மருத்துவரின் முதல் சீட்டு, முன்பு தொழிற்சாலையில் மருத்துவப் பரிசோதனை நடந்திருந்தால் அதன் தாள், இவையே உங்கள் பலம்.

முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லாவிட்டாலோ மீண்டும் மறுத்தாலோ, சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் (ஆம்புட்ஸ்மன்) ஓராண்டுக்குள் மனுச் செய்யலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை, 50 லட்சம் ரூபாய் வரை அவர் தீர்ப்பளிக்கலாம். காணொலி விசாரணைக்கும் விதியில் இடமுண்டு என்பதால் டயாலிசிஸ் நாளைச் சொல்லிக் கேளுங்கள். அங்கே தோற்றாலும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஆனால் முதலிலேயே ஆணையத்தில் வழக்குப் போட்டுவிட்டால் குறைதீர்ப்பாளர் உங்கள் மனுவை எடுக்கமாட்டார்.

இன்னொன்று. ரைடர் பிரீமியத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லி ஒரு ரசீது அனுப்பியிருப்பார்கள். ‘முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்’ என்ற வரி அதில் இருந்தால் அண்ணனைக் கையெழுத்திட விடாதீர்கள். பணம் ஏற்கெனவே வங்கிக் கணக்கில் வந்துவிட்டது என்றால், ஆட்சேபத்துடன் வைத்திருப்பதாக இன்றே பதிவுத் தபாலில் எழுதிவிடுங்கள்.