‘நம்ம வீடு’ குழு: சஃப்ரான்போலு போலாமா?

நந்தினி: அக்டோபர் கடைசில துருக்கித் தலைநகர் அங்காரா போறோம்ல, ரெண்டு நாள் மிச்சம் இருக்கு. சஃப்ரான்போலு போலாமானு இவர் கேக்குறார். அங்க பழைய வீட்டைத் தவிர என்ன இருக்கு மாமா?

ராகவன் மாமா: பழைய வீடுதான்மா இருக்கு. அதுக்காகவே போகணும். 1994ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்த ஊர். அங்காராலருந்து பஸ்ல சுமார் 3 மணி நேரம். பஸ் மேட்டுல இறக்கிவிடும். பழைய ஊர் பள்ளத்துல இருக்கு, சார்ஷினு பேரு. டொல்முஷ்ங்கிற ஷேர் வேன் புடிச்சு கீழ இறங்கணும்.

ராகவன் மாமா: ஊரு மூணு துண்டு. சார்ஷி பள்ளம், குளிர்காத்து அடிக்காது, அதனால குளிர்காலத்துக்கு. பாலார் மேட்டுல, தோட்டம் துரவோட, கோடைக்கு. வசதியானவங்களுக்கு ரெண்டு இடத்துலயும் வீடு இருக்கும். மூணாவது கிரான்கோய், அங்க கிரேக்கக் கிறிஸ்தவங்க இருந்தாங்க. துருக்கியும் கிரீஸும் போட்ட 1923 ஒப்பந்தப்படி நடந்த மக்கள் பரிமாற்றத்துல கிரீஸ் போயிட்டாங்க. அவங்க சர்ச்சுதான் இப்ப உலு ஜாமி மசூதி.

கார்த்தி: ஃபோட்டோல எல்லா வீட்டு மாடியும் தெருவுக்கு மேல தள்ளிக்கிட்டு நிக்குதே, ஆக்கிரமிப்பா? 😄

ராகவன் மாமா: இல்லடா. கீழ்த்தளம் தெரு வளைஞ்ச மாதிரியே கோணல் மாணலா இருக்கும். மேல அறை சதுரமா வேணும். அதனால சாய்வா மர முட்டு குடுத்து மாடியை வெளிய இழுத்துருவாங்க.

செல்வி சித்தி: சமையல் எந்தத் தளத்துல மாமா?

ராகவன் மாமா: பெரும்பாலும் நடுத்தளம். கூரை தாழ்வு, சீக்கிரம் சூடாகும். மேல்தளம் உயரமா கோடைக்கு. ஒவ்வொரு அறையும் ஒரு தனிக் குடித்தனம்னே வச்சுக்கோ. சுவரோரம் உட்காரத் திண்ணை மாதிரி மரப்பலகை, கணப்பு, படுக்கை சுருட்டி வைக்கற அலமாரி. அந்த அலமாரிக்குள்ளயே ஒரு ஆள் குளிக்கற இடம். கல்யாணமான மகனுக்கு ஒரு அறை, முடிஞ்சது.

ராகவன் மாமா: சில வீட்டுல சுழல் அலமாரி உண்டு. பெண்கள் பக்கம் சாப்பாட்டை வச்சு சுத்திவிட்டா ஆண் விருந்தாளிங்க அறையில வந்து நிக்கும். முகம் பாக்க வேண்டியதில்ல.

கார்த்தி: இவ்ளோ மரம் எப்படி 200 வருஷம் தாங்குது? கரையான் வேணாம், மழையே போதுமே.

பிரபா அண்ணி: மழை உள்ள போகாதவரைக்கும் தாங்கும். கீழ கல் சுவர், நடுநடுவுல படுக்கையா மரக்கட்டை. மேல மரச்சட்டம், சட்டத்துக்கு நடுவுல சுடாத மண்செங்கல், அது மேல வைக்கோல் கலந்த மண் பூச்சு, கடைசியா சுண்ணாம்பு. ஓடு ஒண்ணு நகர்ந்தாலும் தண்ணி நேரா சட்டத்துக்குப் போகும். கூரை நல்லா வெளிய நீண்டிருக்கறது அழகுக்கு இல்ல, சுவர் நனையாம இருக்கறதுக்கு.

கார்த்தி: சிமெண்ட் பூசிட்டா கவலையே இல்லையே அண்ணி?

பிரபா அண்ணி: அதுதான் அந்த வீட்டைக் கொல்றது! மண்ணும் சுண்ணாம்பும் ஈரத்தை வாங்கி வெளிய விட்டுரும். சிமெண்ட் விடாது. மரம் குளிருக்கும் வெயிலுக்கும் அசையும், சிமெண்ட் அசையாது, விரிசல் விடும். விரிசல் வழியா போன தண்ணி உள்ளயே நிக்கும். வெளிய பளபளனு இருக்கும், உள்ள அடிச்சட்டம் உளுத்துப் போயிருக்கும். கம்பியால குத்திப் பாத்தாதான் தெரியும்.

பிரபா அண்ணி: ரிப்பேர் வரிசை: முதல்ல கூரை, அப்புறம் சுவரடியில தண்ணி தேங்காம வடிகால், பிறகு உளுத்த கட்டையை மட்டும் வெட்டி அதே மாதிரி மரத்தை ஒட்டுப் போடறது. பூச்சு கடைசி. மண் முழுசா காயாம சுண்ணாம்பு அடிச்சா உரிஞ்சிரும். பனி உறையற மாசத்துல பூச்சு வேலையே கூடாது.

செல்வி சித்தி: அந்த வீடுங்களை இடிச்சு அபார்ட்மெண்ட் கட்டாம விட்டதே அதிசயம்.

ராகவன் மாமா: அதுக்குக் காரணம் பக்கத்து ஊர் கராபுக். ரயில் அந்த வழியாப் போச்சு. 1937ல இரும்பாலைக்கு அடிக்கல், 1939ல உற்பத்தி. வேலையும் புதுக் கட்டடமும் அங்க போயிருச்சு. சார்ஷியில தோல் பதனிடறதும் யெமெனிங்கிற தோல் செருப்பு தைக்கறதும் படுத்துருச்சு. காசு வராததால வீடு தப்பிச்சது. 1970கள்ல பாதுகாக்கணும்னு முழிச்சுக்கிட்டாங்க. செருப்புக்கடை வரிசை இன்னும் இருக்கு, இப்ப பாதிக்கு மேல காபியும் பொம்மையும். கொல்லர் தெருவுக்குப் போங்க, சுத்தியல் சத்தம் கேக்கும்.

நந்தினி: குங்குமப்பூ அங்கயே வாங்கலாமா சித்தி?

செல்வி சித்தி: ஊர் பேரே அதாலதானே, சஃப்ரான்னா குங்குமப்பூ. கிழங்கு ஆகஸ்ட், செப்டம்பர்ல நடுவாங்க. நீங்க போற நேரம்தான் பூக்கும். விடியக்காலை பூ விரியறதுக்குள்ள பறிக்கணும், அன்னைக்கே சிவப்பு இழையைப் பிரிக்கணும். ஒரு பூவுக்கு 3 இழை, 1 கிராமுக்கு சுமார் 150 பூ. சூடு அதிகமானா காயும்போதே கருகி மணம் போயிரும். மண்ணுல தண்ணி நின்னா கிழங்கு அழுகிரும்.

செல்வி சித்தி: துருக்கி சந்தையில குசும்பாப்பூவை குங்குமப்பூனு விப்பாங்க. விலை சல்லிசா இருந்தாலே சந்தேகப்படு. வெதுவெதுப்பான தண்ணில நாலு இழை போடு. நல்லதுனா மெதுவா பொன்மஞ்சள் இறங்கும், இழை சிவப்பாவே இருக்கும். சாயம் போட்டதுனா உடனே சிவப்பு ஓடி இழை வெளுத்துரும்.

செல்வி சித்தி: ஜெர்தே சாப்பிடு, குங்குமப்பூ போட்ட அரிசி இனிப்பு. வீட்ல செய்யறதா இருந்தா அரிசி குழைய வெந்தப்புறம்தான் சர்க்கரை. முன்னாடி போட்டா அரிசி விறைச்சுக்கும்.

நந்தினி: சரி, சார்ஷிக்குள்ளயே பழைய வீட்டு ஹோட்டல் ஒண்ணு புக் பண்றேன்.

ராகவன் மாமா: அத்தைக்குக் கீழ் அறையா கேளு, மரப்படி செங்குத்தா இருக்கும். தெரு முழுக்கக் கல் பாவினது, மழைல வழுக்கும், ரப்பர் அடி ஷூ போடச் சொல்லு. பாத்ரூம் எங்கனு தேடாத, அலமாரியைத் திறந்து பாரு.

கார்த்தி: 🤣🤣