ஸ்பிரிங் ஊசிப் பேனா: பூட்டு, மூடி, எந்தப் பக்கம் ஊசி? உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

ஸ்கார்பரோ அம்மா

மூத்த மகனுக்குக் கச்சான் ஒவ்வாது. தமிழ்நாட்டு ஆட்களுக்கு, வேர்க்கடலை. கனடாவின் ஒன்ராறியோவில் 2006 தொடக்கத்திலிருந்து சப்ரினா சட்டம் நடைமுறையில் இருக்கிறது. கடுமையான ஒவ்வாமை உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் பள்ளிக்கூடம் தனித்திட்டம் வைத்திருக்க வேண்டும், ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் கொடுக்க வேண்டும். அதனால் பள்ளி தொடங்கும் செப்டெம்பர் பிறந்தால் நானும் எபிபென்னின், அதாவது ஒவ்வாமை முற்றினால் தொடையில் குத்தும் அட்ரினலின் ஊசிப் பேனாவின், பயிற்சி மாதிரியைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவேன். அதில் ஊசியும் இல்லை, மருந்தும் இல்லை, பழகிப் பார்க்க மட்டும்.

அங்கே நான் கவனித்த ஒரு விஷயத்துக்காகத்தான் இந்த இழை. எபிபென்னை முதன்முதலில் கையில் எடுக்கும் ஆள் உடனே தேடுவது பொத்தானை. அதில் பொத்தானே கிடையாது. நீல மூடியை இழுத்துக் கழற்றிவிட்டு, ஆரஞ்சு முனையைத் தொடையின் வெளிப்பக்கத்தில் வைத்து நன்றாக அழுத்தினால் அதுவே சுடும், அதாவது ஸ்பிரிங் விடுபட்டு ஊசி பாயும், மூன்று விநாடி அப்படியே பிடித்திருந்தால் போதும். ஆனால் பொத்தானைத் தேடும் கட்டைவிரல் சும்மா இருக்குமா? பளிச்சென்று தெரிகிற ஆரஞ்சு முனையின் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். ஊசி வருவதே அந்தப் பக்கத்தால்தான்! அதனால் நான் இப்போது வாயால் ஒன்றும் விளக்குவதில்லை. பேனாவை நடுவில் பிடித்துக் கையை முஷ்டியாக மூடச் சொல்கிறேன், கட்டைவிரல் விரல்களின் மேல் மடிந்திருக்க வேண்டும், இரண்டு முனைகளிலும் எந்த விரலும் படக்கூடாது. அவ்வளவுதான் என் பாடம்.

ஒரு சந்தேகமும் உண்டு. நீல மூடியைச் சிலர் கட்டைவிரலால் பக்கவாட்டில் நெம்பி ஒரு கையாலேயே தட்டிவிடப் பார்க்கிறார்கள். நேராக மேலே இழுக்க வேண்டும் என்று காகிதத்தில் போட்டிருக்கிறது, ஏன் என்று போடவில்லை. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். மற்றவர்களும் அவரவர் பட்டதை எழுதுங்கள், ஒவ்வாமை ஊசி என்றில்லை, ஸ்பிரிங் வைத்த எந்த ஊசியானாலும் சரி.

ஸ்பிரிங்காரன்

அக்கா, நான் ஸ்விட்சர்லாந்தில் இந்த மாதிரிக் கருவிகளைச் சோதிக்கிற வேலையில் இருக்கிறேன், என் கம்பெனி செய்வது வேறு வகை, ஆனாலும் அடிப்படை தெரியும்.

உள்ளே அழுத்தி வைத்த ஸ்பிரிங் ஒன்று இருக்கிறது. அது தள்ளவேண்டிய தண்டின் பின்முனை பிளந்து கவட்டைபோல இருக்கும், கால்களின் நுனியில் கொக்கி. அந்தக் கொக்கிகள் ஒரு விளிம்பில் மாட்டிக்கொண்டிருப்பதால்தான் ஸ்பிரிங் விரியாமல் நிற்கிறது. இப்போது நீல மூடியைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள், அடியில் ஒரு முள் நீட்டிக்கொண்டிருக்கும். மூடி இருக்கும்வரை அந்த முள் கால்களுக்கு நடுவே நிற்பதால் கால்கள் உள்பக்கமாக மடங்க இடமே இல்லை. நீங்கள் என்னதான் முனையை அழுத்தினாலும் சுடாது. மூடி போனால் இடம் வந்துவிடுகிறது. தொடையில் அழுத்தும்போது உள்கூடு பின்னால் நகர்ந்து கால்களை நெருக்குகிறது, கொக்கி விளிம்பிலிருந்து நழுவுகிறது, ஸ்பிரிங் விடுபட்டு முதலில் ஊசியையும் பிறகு மருந்தையும் தள்ளுகிறது. எல்லாம் கண் இமைக்கும் நேரம்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். பக்கவாட்டில் நெம்பினால் முள் சாய்கிறது, சாயும் முள் பக்கத்துக் காலைத் தள்ளுகிறது, கொக்கி நழுவிவிடலாம். அதாவது பூட்டே சுடும் விசையாக மாறிவிடுகிறது. இது நான் கற்பனை செய்து சொல்வதில்லை. 2020 மார்ச்சில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இதையே எச்சரிக்கையாக வெளியிட்டது: பக்கவாட்டு விசையால் தானாகச் சுடலாம், நீல மூடி சற்றே மேலெழும்பியிருந்தாலும் அப்படி ஆகலாம், சில பேனாக்கள் உறைக்குழாயிலிருந்து லேசில் வெளியே வராமலும் இருக்கலாம் என்று. அதனால் பேனா கைக்கு வந்த அன்றே இரண்டு பார்த்துவிடுங்கள். மூடி முழுதாக உட்கார்ந்திருக்கிறதா, குழாயைக் கவிழ்த்தால் பேனா வழுக்கி வருகிறதா. ஆபத்து வந்த பிறகு பார்க்கிற வேலை இல்லை இது.

எங்கள் தொழிலில் தலைவலியே இதுதான். வேண்டாதபோது சுடவே கூடாது, வேண்டும்போது சுட்டே ஆகவேண்டும், இரண்டும் ஒரே பிளாஸ்டிக் கொக்கியை நம்பி நிற்கின்றன. கொக்கியை இறுக்கமாக்கினால் ஒன்று கெடும், தளர்த்தினால் மற்றது. பிரிட்டனில் எமரேட் என்ற அட்ரினலின் பேனாவை எடுத்துக்கொள்ளுங்கள். அழுத்தினாலும் சுடாமல் போகலாம் என்று 2020இல் திரும்பப் பெற்றார்கள். திரும்ப விற்பனைக்கு வந்தது. 2023 மே மாதம் மறுபடியும் திரும்பப் பெற்றார்கள், இந்த முறை கீழே விழவைத்துச் செய்யும் சோதனைக்குப் பிறகு சில பேனாக்கள் மருந்தைச் செலுத்தவில்லை, சில முன்கூட்டியே சுட்டுவிட்டன. ஒரே கருவி, இரண்டு பக்கமும் அடி. கீழே விழுந்த பேனாவை ஒன்றும் ஆகவில்லையே என்று பைக்குள் திரும்பப் போடுபவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இரவுப்பணி நர்ஸ்

லண்டனில் அவசர சிகிச்சைப் பிரிவு. ஸ்கார்பரோ அக்கா சொன்ன கட்டைவிரல் கதை எங்களுக்குப் பழகிய ஒன்று.

ஒருவர் வந்தார், மகளுக்கு முகம் வீங்கியதும் பதறிப் பேனாவைத் தலைகீழாகப் பிடித்து அழுத்தியிருக்கிறார், எந்தத் தயாரிப்பு என்று சொல்லப்போவதில்லை, எந்தத் தயாரிப்பிலும் நடக்கும். பெருவிரல் நுனி சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்திருந்தது, தொட்டால் ஜில்லென்று. அட்ரினலின் ரத்தக் குழாய்களைச் சுருக்கும், விரலில் குழாய்கள் ஏற்கெனவே சின்னவை, வேறு வழியாக ரத்தம் வரவும் அதிக வசதி இல்லை. வெதுவெதுப்பான நீரில் கையை வைத்தோம், அது போதாதபோது சுருங்கிய குழாயைத் திறக்க ஃபென்டொலமின் என்ற மருந்து உண்டு. விரல் சிவந்து உயிர் வந்தது. பெரும்பாலும் அப்படித்தான், விரல் தேறிவிடும்.

ஆனால் விரல் இல்லை பிரச்சினை. பிள்ளைக்குப் போகவேண்டிய மருந்து அப்பாவின் விரலில் இருக்கிறது! அவர்களிடம் இரண்டாவது பேனா இருந்தது, அதை அம்மா போட்டிருக்கிறார், தப்பித்தார்கள். எப்போதும் இரண்டு பேனா கையில் இருக்கவேண்டும் என்று பிரிட்டன் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு டோஸ் போதாமல் போகலாம் என்பது இன்னொன்று.

பழைய எபிபென் பார்த்தவர்கள் இங்கே இருக்கிறார்களா? 2009க்கு முன்னால் சாம்பல் மூடி, கறுப்பு முனை. எழுதுகிற பேனாவுக்கு மூடி எந்தப் பக்கம்? எழுதும் பக்கம். அப்படியானால் சாம்பல் மூடியைக் கழற்றினால் அந்தப் பக்கம்தான் ஊசி என்று யாருக்கும் தோன்றுமே, கறுப்பு முனை அழுத்துகிற பொத்தான் மாதிரியும் இருக்கும். ஆரஞ்சு நிறம் வந்தது நல்லதுதான். அதைவிட நல்லது, போட்டு எடுத்ததும் ஆரஞ்சு உறை நீண்டு ஊசியை மூடிப் பூட்டிக்கொள்வது. அதற்கு முன் திறந்த ஊசியோடு பேனாவை ஆம்புலன்ஸ்காரர் கையில் கொடுக்க வேண்டியிருந்தது.

இன்னொன்று, சின்னப் பிள்ளைகள் உதைப்பார்கள். ஊசி உள்ளே இருக்கும்போது கால் அசைந்தால் தோல் கிழியும், ஊசி வளையும். எந்தப் பூட்டும் இதற்கு உதவாது, காலை இறுக்கிப் பிடிக்க வேண்டியதுதான்.

முட்டிவலி முருகேசன்

எனக்கு முடக்குவாதம். மருந்து தானியங்கி ஊசியில் வருகிறது, வீட்டிலேயே வயிற்றிலோ தொடையிலோ போட்டுக்கொள்வேன். உங்கள் கதைகளையெல்லாம் படித்தால் பூட்டு லேசாகத் திறந்துவிடுகிறது என்கிறீர்கள், எனக்கு நேர் எதிர். மூடியை இழுக்க இரண்டு கையிலும் வலு வேண்டும், காலையில் என் விரல்கள் மடங்கவே மடங்காது. கைவலிக்கு ஊசி போட கை நன்றாக இருக்கவேண்டும், இதை யாரிடம் சொல்வது? மூடி ஏன் இவ்வளவு இறுக்கம்? ஸ்பிரிங்காரன் தம்பி சொல்லட்டும். நான் கண்டுபிடித்த வழி, சமையலறை ரப்பர் கையுறை. வழுக்காது. குளித்து முடித்துக் கை கொஞ்சம் தளர்ந்த பிறகு போடுகிறேன்.

ஸ்பிரிங்காரன்

முருகேசன் அண்ணா, உங்கள் மூடி வெறும் மூடி இல்லை. ஊசியின் மேல் இறுக்கிப் பொருத்திய ரப்பர் உறை ஒன்று உண்டு, மருந்து கசியாமலும் கிருமி போகாமலும் காப்பது அதுதான். வெளிமூடி அதைப் பிடித்துக்கொண்டு சேர்த்தே இழுக்கிறது. இறுக்கம் அங்கிருந்து வருகிறது. இழுத்த பிறகு திரும்ப மாட்டாதீர்கள், ஊசி வளைந்துவிடும். உங்களுடையதில் பெரும்பாலும் பூட்டு வேறு இடத்தில் இருக்கும்: ஊசியைச் சுற்றியுள்ள காப்புக்குழலைத் தோலில் அழுத்தி உள்ளே தள்ளினால்தான் சுடும் வழி திறக்கும், காற்றில் பிடித்துப் பொத்தானை அழுத்தினால் ஒன்றும் நடக்காது. எடுத்ததும் குழல் வெளியே வந்து பூட்டிக்கொள்ளும், இரண்டாம் முறை அமுங்காது. எனக்குப் பிடித்த பாதுகாப்பு இதுதான், ஏனென்றால் இதற்காக ஆள் தனியாக எதையும் நினைவில் வைக்கவேண்டியதில்லை.

உறையூர் ரவி

அப்பாவுக்குச் சர்க்கரை, வாரம் ஒருமுறை ட்ரூலிசிட்டி என்ற ஊசி. முதல் ஞாயிறு அவரே போட்டுக்கொள்வேன் என்று பிடிவாதம். சாம்பல் மூடியைக் கழற்றினார், வயிற்றில் வைத்தார், பச்சைப் பொத்தானை அழுத்து அழுத்து என்று அழுத்துகிறார், அசையவில்லை. "டேய், உடைஞ்சதைக் குடுத்துட்டான்டா" என்று மருந்துக் கடைக்காரரைத் திட்ட ஆரம்பித்துவிட்டார். பார்த்தால் பூட்டு வளையத்தைத் திருப்பவே இல்லை. திருப்பி அழுத்தியதும் 'டக்' என்று ஒரு சத்தம், உடனே எடுக்கப் போனார், நான் கையைப் பிடித்துக்கொண்டேன். முதல் டக் என்றால் ஊசி உள்ளே போயிருக்கிறது, மருந்து போய்க்கொண்டிருக்கிறது. ஐந்திலிருந்து பத்து விநாடி கழித்து இரண்டாவது டக், அப்போதுதான் ஊசி தானாக உள்ளே இழுத்துக்கொள்ளும், சாம்பல் நிறத் துண்டு தெரியும். அப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம், டக் கேட்பதில்லை. அதனால் பத்து எண்ணச் சொல்லியிருக்கிறேன், அவர் திருப்புகழில் ஒரு அடி சொல்லிவிட்டு எடுக்கிறார். சரியாகத்தான் வருகிறது.

பழைய சிப்பாய்

இந்த வகைக் கருவியின் வேரே ராணுவம்தான். நரம்பு நச்சுவாயுவுக்கு முறிமருந்தான அட்ரோபினைச் சிப்பாய் தன் தொடையில் தானே உடுப்போடு சேர்த்துக் குத்திக்கொள்ளச் செய்தது. 1970களில் அமெரிக்காவில் ஷெல்டன் கப்லான் குழு உருவாக்கியதிலிருந்து பிறந்ததுதான் எபிபென், 1987இல் அனுமதி கிடைத்தது.

பயிற்சி பெற்ற சிப்பாய்க்குச் செய்ததைப் பொதுமக்கள் கையில் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு 1991 வளைகுடாப் போர் சாட்சி. இஸ்ரேலில் வாயு முகமூடியோடு அட்ரோபின் ஊசியையும் வீடு வீடாகக் கொடுத்தார்கள். வாயு வரவில்லை, பிள்ளைகள் எடுத்து விளையாடித் தங்களுக்கே குத்திக்கொண்டார்கள். நூற்றுக்கணக்கில். நல்லகாலம் யாரும் சாகவில்லை, அடுத்த ஆண்டு அந்நாட்டு மருத்துவர்கள் கட்டுரையாகவே எழுதினார்கள். பூட்டு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் உயரமான அலமாரி கட்டாயம் வேண்டும், என்னைக் கேட்டால்.

மதுரை டாக்டர்

எல்லாம் சரி, எங்கள் ஊரில் அட்ரினலின் பேனாவே மருந்துக் கடையில் சுலபமாகக் கிடைப்பதில்லை. கிடைப்பது ஆம்பூல், அதாவது சின்னக் கண்ணாடிக் குப்பி, ஒரு மில்லியில் 1 மில்லிகிராம். விலை சில ரூபாய்தான். பெரியவருக்கு அரை மில்லி, தொடைத் தசையில். மருத்துவமனையில் இது பிரச்சினையே இல்லை. வீட்டில் கண்ணாடிக் கழுத்தை உடைத்து, சிரிஞ்சில் ஏற்றி, அளவு பார்த்து, கை நடுங்கிக்கொண்டு... இறால் சாப்பிட்டுத் திணறிய ஒரு பையனின் மாமா அப்படி முயன்று ஆம்பூலைத் தரையில் போட்டு உடைத்துவிட்டு, பைக்கில் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். பையன் பிழைத்தான். நீங்கள் அங்கே நீல மூடி இறுக்கமா தளர்வா என்று பேசுகிறீர்கள், பொறாமையாக இருக்கிறது.

ஸ்கார்பரோ அம்மா

டாக்டர் சொல்வது உறைக்கிறது. தம்பி, இனி ஆசிரியர்களுக்கு அந்த முள்ளைக் காட்டியே விளக்குகிறேன். ஒரேயொரு கேள்வி மிச்சம்: இங்கே ஒரு தாய் போட்டு முடித்தபிறகு பேனாவுக்குள் நிறைய மருந்து அப்படியே இருந்ததாம், இறங்கவில்லை என்று அலறிவிட்டார்.

இரவுப்பணி நர்ஸ்

அது நிறையப் பேருக்கு வரும் பயம் அக்கா. பெரியவர்களுக்கான எபிபென்னில் 2 மில்லி இருக்கும், உள்ளே போவது 0.3 மில்லிதான், மிச்சம் 1.7 மில்லி வேண்டுமென்றே அதிலேயே தங்கிவிடும். அதை எடுத்து இன்னொரு முறை பயன்படுத்த முடியாது, உடைத்துப் பார்க்கவும் வேண்டாம். ஆரஞ்சு உறை நீண்டிருக்கிறதா, பக்கத்துச் சாளரம் மறைந்திருக்கிறதா என்று பாருங்கள், இரண்டும் ஆம் என்றால் மருந்து போய்விட்டது. உறை நீளாமல் இருந்தால் சுடவே இல்லை என்று அர்த்தம், நீல மூடி கழன்றிருக்கிறதா பார்த்துவிட்டு இன்னும் பலமாக அழுத்துங்கள், அப்போதும் இல்லையென்றால் அடுத்த பேனா. போட்ட நேரத்தைக் கையிலேயே எழுதிவிடுங்கள், ஆம்புலன்ஸில் வருகிறவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.