மறு: அரபு 'வஸ்ன்': தமிழில் 'வாய்பாடு' எனலாமா?

குழுவினருக்கு வணக்கம். அரபு இலக்கணத்தில் சொல்லின் அச்சைக் குறிக்கும் 'வஸ்ன்' என்பதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற இழைக்கு என் பதில் இது. மேற்கோளாக வருபவை மற்றவர்கள் எழுதியவை.

> 'வினை வடிவம்' என்றே விட்டுவிடுங்கள் ஐயா, எல்லாருக்கும் புரியும்.

புரியும். எது புரியும் என்பதுதான் சிக்கல். அரபு படிக்க வருகிறவருக்குத் தொடக்கத்திலேயே இரண்டு விதமான மாற்றங்கள் எதிர்ப்படுகின்றன. 'அலிம' என்றால் அறிந்தான், 'அலிமத்' என்றால் அறிந்தாள். இது ஒரு விதம். 'அலிம' அறிந்தான், 'அல்லம' கற்பித்தான், 'தஅல்லம' கற்றுக்கொண்டான், 'இஸ்தஃலம' விசாரித்தான். இது இன்னொரு விதம். முன்னதில் ஆள்தான் மாறுகிறார். பின்னதில் வினையே வேறாகிவிடுகிறது. இரண்டையும் 'வடிவம்' என்று எழுதிவைத்து, ஒரு மாதம் கழித்து என் நோட்டை நானே படிக்க முடியாமல் விழித்திருக்கிறேன்.

முன்னதற்கு 'வினைத்திரிபு' போதும். அரபியில் சொல்லிலக்கணத்துக்குப் பெயரான 'ஸர்ஃப்' என்பதிலும் திருப்புதல் என்ற பொருள் உண்டு. அதில் இங்கே யாருக்கும் சண்டை இல்லை.

பின்னதற்கு அவர்கள் சொல்வது 'வஸ்ன்', அதாவது நிறை, எடை. சொல்லை நிறுக்கும் தராசுக்கு 'மீஸான்' என்று பெயர். எடைக்கல் ஃப-அ-ல என்ற மூன்று மெய்கள் (நடுவில் நாம் 'அ' என்று எழுதுவது 'ஐன்' என்னும் மெய்). அந்த மூன்றும் சேர்ந்தால் 'செய்' என்ற வினையின் வேர். சொல்லின் வேர்மெய்களை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இவற்றை வைத்துப் பார்ப்பதுதான் நிறுப்பது. 'அலிம' நிறுத்தால் 'ஃபஇல', 'அல்லம' நிறுத்தால் 'ஃபஃஅல'.

இதைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாதிரி வினையாக நம்மவர்கள் எடுத்ததும் 'செய்' தானே! வந்து, உண்டு, போய் எல்லாமே 'செய்து' என்னும் வாய்பாட்டு வினையெச்சம். தொல்காப்பியம் செய்து, செய்யூ, செய்பு என்று 9 அடுக்குகிறது, நன்னூல் 12. உலகத்தில் எத்தனையோ வினை இருக்க இரண்டு மரபும் ஒரே வினையில் வந்து நிற்கின்றன. ஆகவே என் பரிந்துரை 'வாய்பாடு'.

> 'செய்து' என்பதில் 'செய்' போய் 'வா' வந்து உட்காருகிறது, விகுதிதான் பொது. அரபியில் உயிர்கள் மெய்களுக்கு நடுவே நுழைகின்றன. ஒப்புமை பாதிதான்.

நியாயமான அடி. வினையெச்சத்தோடு நிறுத்தியிருந்தால் தோற்றிருப்பேன். ஆனால் யாப்பில் தேமா, புளிமா, கூவிளம், கருவிளம் இருக்கின்றனவே. அங்கே விகுதியும் இல்லை, பகுதியும் இல்லை. சீரின் அளவு மட்டும்தான் கணக்கு. அவற்றுக்கும் வாய்பாடு என்றுதான் பெயர். அரபு யாப்பை வகுத்த கலீல் இப்னு அஹ்மத் (8ஆம் நூற்றாண்டு) சீர்களை அளந்ததும் அதே ஃப-அ-ல கல்லால்தான்: ஃபஊலுன், மஃபாஈலுன். அங்கே சொல்லுக்கும் செய்யுளுக்கும் ஒரே கல். இங்கே இரண்டுக்கும் ஒரே பெயர்.

> வாய்பாடு என்றால் பதினாறாம் வாய்ப்பாடுதான் ஞாபகம் வரும் அண்ணே :)

வரட்டும். மதரஸாவில் பிள்ளைகள் ஃபஅல, ஃபஅலா, ஃபஅலூ என்று 14 உருவையும் ராகம் போட்டுச் சொல்வதைக் கேட்டவருக்கு அது தவறாகவும் படாது. 'கட்டளை' என்று ஒருவர் முன்மொழிந்தார்; அச்சு என்ற பழைய பொருளில் அருமையான சொல். ஆனால் அடுத்த பாடமே 'அம்ரு', ஏவல் வினை. அங்கே 'கட்டளை' காலை வாரிவிடும்.

சொல்லைப் புழங்கிப் பார்க்கலாம். தாசில், மகசூல் இரண்டும் பாரசீகம், உருது வழியே நம் வருவாய்த்துறைக்கு வந்த அரபுச் சொற்கள். வேர் ஒன்றே, ஹ-ஸ-ல. தாசில் (தஹ்ஸீல்) என்பது 2ஆம் வாய்பாட்டு ('அல்லம' போன்ற) வினையின் தொழிற்பெயர்: திரட்டுதல். மகசூல் (மஹ்ஸூல்) 'மஃப்ஊல்' வாய்பாடு: கிடைத்தது. 'வினை வடிவம்' என்று வைத்திருந்தால் மகசூலை எங்கே வைப்பது? அது பெயர்ச்சொல் ஆயிற்றே. வாய்பாட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. 'அலிம', 'அல்லம' போல வினைக்கென்று எண்ணிட்டு வழங்கும் பத்தை மட்டும் தனியே சுட்ட வேண்டிய இடத்தில் 'வினை வாய்பாடு' என்றால் ஆயிற்று. அவற்றுக்கு 1, 2 என்று எண்ணிடுவது ஐரோப்பியர் வழக்கம்தான். இருந்தாலும் இரண்டாம் வேற்றுமை, மூன்றாம் வேற்றுமை என்று எண்ணிப் பழகிய நமக்கு அது உறுத்தாது.

செய்தியில் அடிபடும் 'இன்திஃபாதா' (பாலஸ்தீன மக்கள் எழுச்சி) எந்த வாய்பாடு என்று கேட்டால், தொடக்கத்து 'இன்' பார்த்து 7 என்பார்கள். நானும் அப்படித்தான் எழுதிவைத்திருந்தேன். அந்த 'ன்' வேரிலேயே இருப்பது (ந-ஃப-ள, உதறுதல்). இடையில் நுழைந்தது 'த' தான், ஆக 8.

'பாப்' மட்டும் இன்னும் உதைக்கிறது. முதல் வாய்பாட்டுக்குள் நஸர-யன்ஸுரு, ளரப-யள்ரிபு, ஃபதஹ-யஃப்தஹு என்று இறந்தகாலத்துக்கும் நிகழ்காலத்துக்கும் இடையே உயிர் மாறுவதை வைத்து ஆறாகப் பிரிக்கிறார்களே, அது. நேர்ப்பொருள் வாயில். 'வாய்பாட்டின் வாயில்' என்று எழுதினால் நாக்கு சுளுக்கிக்கொள்கிறது. 'வகுப்பு' சப்பென்று இருக்கிறது. வேறு யாரிடமாவது சொல் இருந்தால் இதே இழையில் போடுங்கள்.

அன்புடன்.