கையெழுத்துப் போட்டால் கான்ட்ராக்டர் ஆகிவிடுவோமா?

தறிநாடா: அமெரிக்காவில் ஒரு சின்ன அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். காலை 9 மணிக்கு சீட்டில் இருக்க வேண்டும். லேப்டாப் அவர்களுடையது. லீவு வேண்டுமென்றால் முதலாளியிடம் கேட்க வேண்டும். ஆனால் வருட முடிவில் ஊழியருக்குத் தரும் சம்பளப் படிவமான டபிள்யூ-2 தராமல், தனியாகத் தொழில் செய்பவருக்குத் தரும் 1099 படிவத்தை நீட்டுகிறார்கள். கேட்டால், "இண்டிபெண்டன்ட் கான்ட்ராக்டர் என்று நீங்கள்தானே கையெழுத்துப் போட்டீர்கள்" என்கிறார்கள். இது சரியா?

சொந்தக்கால்: இதில் என்ன தப்பு? நானும் பல வருடமாக 1099 தான். சொந்தத் தொழில் வருமானத்தைக் காட்டும் ஷெட்யூல் சி என்ற வரிப் படிவத்தில் தொழில் செலவைக் கழிக்கலாம். சம்பளக்காரர்களுக்கு 2018-லிருந்து அந்த வழியே பொதுவாகக் கிடையாது. விவரம் தெரிந்த இரண்டு பேர் பேசி ஒப்புக்கொண்டதில் அரசாங்கத்துக்கு என்ன வேலை?

கணக்குப்பிள்ளை: ஒப்பந்தத்தில் என்ன பெயர் எழுதியிருக்கிறது என்பதை வைத்து ஐ.ஆர்.எஸ். (அமெரிக்க வரித்துறை) முடிவு செய்வதில்லை. 1987-ல் இதற்கென்றே 20 அம்சங்களைப் பட்டியலிட்டார்கள். இப்போது அவற்றை மூன்று தலைப்பில் பார்க்கிறார்கள்: வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்று யார் சொல்கிறார், பணத்தில் லாப நஷ்டம் யாருடையது, இருவருக்கும் உள்ள உறவு எப்படிப்பட்டது. தறிநாடா சொன்னதைப் படித்தால் மூன்றுமே அவர் ஊழியர் என்ற பக்கம்தான் சாய்கின்றன.

பணத்தையும் பாருங்கள். சோஷியல் செக்யூரிட்டி (ஓய்வூதியம்), மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) வரிகள் இரண்டும் சேர்த்து ஊழியர் 7.65%, முதலாளி 7.65% கட்ட வேண்டும். 1099 என்றால் மொத்தம் 15.3 சதவீதமும் உங்கள் தலையில். 60,000 டாலர் லாபத்துக்கு (கணக்கிடுவது அதில் 92.35 சதவீதத்துக்கு) சுமார் 8,478 டாலர் வரும். டபிள்யூ-2 ஆக இருந்தால் உங்கள் பங்கு 4,590-தான். மிச்சம் முதலாளி கட்ட வேண்டியது, நீங்கள் கட்டுகிறீர்கள். வேலை போனால் வேலையின்மைக் காப்பீடும் வழக்கமாகக் கிடைக்காது.

சொந்தக்கால்: பாதிக் கதையைத்தான் சொல்கிறீர்கள் சார். அந்த வரியில் பாதியை வருமானத்திலிருந்து கழிக்கலாம். தொழில் வருமானத்துக்கு 20% கழிவு வேறு இருக்கிறது.

கணக்குப்பிள்ளை: பாதியைக் கழித்தால் வருமான வரி கொஞ்சம் குறையும், கட்டிய பணம் திரும்பி வராது. அந்த 20 சதவீதக் கழிவு ஊழியராக வேலை பார்ப்பவருக்குச் சட்டப்படி கிடையாது. இவர் உண்மையில் ஊழியர் என்று முடிவானால் அதுவும் போச்சு. அப்புறம், லேப்டாப், மேசை, நாற்காலி எல்லாம் அலுவலகத்துடையது. ஷெட்யூல் சி-யில் எந்தச் செலவை எழுதுவார்?

பத்துப்பேர்முதலாளி: எங்கள் பக்கத்தையும் கேளுங்கள். சம்பளப் பட்டியல், ஊழியர் சம்பள வரிக் கணக்கைக் காட்ட மூன்று மாதத்துக்கு ஒருமுறை படிவம் 941, மாநில வரி... சின்ன ஆபீஸுக்கு இது பெரிய தலைவலி. எல்லா முதலாளியும் திருடனில்லை. 1978 வருவாய்ச் சட்டத்தின் 530-வது பிரிவு அதனால்தான் இருக்கிறது. நியாயமான ஆதாரம் வைத்து, அதே வேலை செய்யும் எல்லோரையும் ஒரே மாதிரி நடத்தி, 1099-ஐயும் ஒழுங்காகத் தாக்கல் செய்திருந்தால் பழைய வரியை எங்களிடம் கேட்க முடியாது.

கணக்குப்பிள்ளை: உங்களுக்கு அது பாதுகாப்பு, சரி. ஊழியருக்கு அதில் ஒன்றுமில்லையே.

தறிநாடா: இப்போது நான் என்ன செய்வது?

கணக்குப்பிள்ளை: எஸ்.எஸ்-8 படிவம் அனுப்பினால் நீங்கள் ஊழியரா, கான்ட்ராக்டரா என்று ஐ.ஆர்.எஸ். தீர்மானித்துச் சொல்லும். கட்டணம் இல்லை, ஆனால் ஆறு மாதமாவது ஆகும். காத்திருக்கும்போதே வரித் தாக்கலில் படிவம் 8919 சேர்த்து உங்கள் 7.65 சதவீதத்தை மட்டும் கட்டலாம்.

சொந்தக்கால்: எஸ்.எஸ்-8 போனால் முதலாளிக்கும் கடிதம் போய் விளக்கம் கேட்பார்கள். அப்புறம் அந்த ஆபீஸில் இவரால் நிம்மதியாக வேலை பார்க்க முடியுமா? அதையும் சொல்லிவிட்டு அனுப்பச் சொல்லுங்கள்.

தறிநாடா: ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் நேரம் வருகிறது. டபிள்யூ-2 கொடுங்கள், இல்லையென்றால் 9 மணிக் கட்டாயத்தை எடுங்கள் என்று முதலில் நேரில் கேட்டுப் பார்க்கிறேன். படிவத்தை அப்புறம் பார்ப்போம்.