திருச்சி – யாழ்ப்பாணம்: 22 நிமிஷமா, ஒரு மணி நேரமா?

உறையூரான்: திருச்சியிலேர்ந்து யாழ்ப்பாணம் ஒரு மணி நேரப் பறப்புன்னு இங்க ஒருத்தர் அடிச்சு விட்டிருக்கார். நேர்கோட்டுல 184 கி.மீ. அங்க போற ஏடிஆர் 72 சின்ன விசிறி விமானம், மணிக்கு 510 கி.மீ. போகும். வகுத்தா 22 நிமிஷம். மீதி 38 நிமிஷம் வேதாரண்யத்துல உப்பு வாருதா விமானம்?

பலாலியான்: வேதாரண்யம் அந்தக் கோட்டிலயே இல்லை. கோடு கடலைத் தொடுறது அதிராம்பட்டினத்துப் பக்கம். படம் பாக்கத் தெரியாம வகுத்தல் வேற.

உறையூரான்: ஊர் எதுவா இருந்தா என்ன? 22 நிமிஷம்.

நாட்டிக்கல்: 510 என்பது உயரத்தில் சமமாகப் பறக்கும்போது கிடைக்கும் வேகம். ஏடிஆர் சுமார் 170 நாட் (மணிக்கு 170 கடல் மைல்) வேகத்தில்தான் ஏறும். 14,000 அடி ஏற 12 நிமிடம், அதில் 38 கடல் மைல் போய்விடும். இறங்க 42 மைல், 10 நிமிடம். மொத்தமே 99 மைல். உங்கள் 510-க்கு மிஞ்சுவது 19 மைல், நாலு நிமிடம்.

உறையூரான்: 99 மைலா? 1.609-ஆல பெருக்கினா 159 கி.மீ.தான். அப்ப 22-கூட ஆகாது!

நாட்டிக்கல்: கடல் மைல் ஐயா. 1.852-ஆல் பெருக்குங்கள். முதலில் ஒன்று சொல்லுங்கள்: பறப்பு நேரம் என்று எதைச் சொல்கிறீர்கள்? சக்கரம் தரையை விட்டதிலிருந்தா, நிறுத்துமிடத்திலிருந்து நகர்ந்ததிலிருந்தா? அட்டவணையில் இருப்பது இரண்டாவது.

உறையூரான்: பறக்கிறதுன்னா பறக்கிறதுதான். 22.

பலாலியான்: தம்பி, யாழ்ப்பாண விமான நிலையம் இருக்கிற பலாலியில ஓடுபாதை 05/23, அதாவது ஒரு பக்கம் 50 பாகை, மற்றப் பக்கம் 230 பாகை திசை. திருச்சியில இருந்து வாற திசை 126 பாகை. எந்த முனையில இறங்கினாலும் 76 இல்லாட்டி 104 பாகை திரும்ப வேணும். நேர்கோடு போடுற உங்கட அடிமட்டம் திரும்புமோ?

நாட்டிக்கல்: திருச்சியிலும் அதே கதை. கிழக்கு நோக்கிய 09-இல் ஏறினால் லாபம். மேற்கு நோக்கிய 27-இல் ஏறினால் மேற்கே போய் 144 பாகை திரும்ப வேண்டும். இந்தத் திருப்பங்களையும், வேகம் குறைத்து ஓடுபாதைக்கு நேராக வருவதையும் சேர்த்தால் வானில் மட்டும் 33 நிமிடம். தரையில் உருள இரண்டு பக்கமும் 12. மீதி தாமதத்துக்கு ஒதுக்கிய மெத்தை.

கப்பல்பிரியன்: ஆடி மாசத்துல தென்மேற்குக் காத்து பின்னாடி தள்ளுமே, அதைக் கணக்குல சேர்த்தீங்களா?

நாட்டிக்கல்: தள்ளாது. பக்கவாட்டில் அடிக்கும். 30 நாட் காற்றில் உங்களுக்குக் கிடைப்பது 5 நாட்.

கப்பல்பிரியன்: அங்க கடிகாரம் அரை மணி முன்னாடி ஓடும், அதான் இவ்வளவு குழப்பம்.

பலாலியான்: 2006 ஏப்ரலில இருந்து ரெண்டு நாட்டுக்கும் ஒரே நேரம். எந்த உலகத்தில இருக்கிறியள்?

உறையூரான்: 1947-லயே ஏர் சிலோன் டகோட்டா வந்துச்சு. அவன் இப்படியா மெத்தை போட்டான்?

பலாலியான்: அது கொழும்புப் பக்கத்து இரத்மலானை – காங்கேசன்துறை (பலாலி) – சென்னை. திருச்சிச் சேவை தொடங்கினது 2025 மார்ச் 30. எங்கட ஊர் வரலாற்றை எங்களுக்கே படிப்பிக்கிறார்.

உறையூரான்: உங்க ஊருன்னா வானமும் உங்களுதா?

கப்பல்பிரியன்: நாகையில கப்பல் ஏறினா நாலு மணி நேரம். மூட்டையோட போறவனுக்கு அதுதான் சரி.

பலாலியான்: ஐப்பசி, கார்த்திகையில போய்ப் பாருங்கோ. வாடைக்காற்றெண்டு சேவையையே நிப்பாட்டிப் போடுவாங்கள்.

நாட்டிக்கல்: உறையூரான், 99 மைலில் ஏற்றத்தையும் இறக்கத்தையும் கழித்து எழுதிக் காட்டுங்கள். கேள்வி இன்னும் அப்படியே கிடக்கிறது.

உறையூரான்: கால்குலேட்டரை நீங்க வச்சுக்கங்க. கப்பல்காரரே, அந்த நாகைக் கப்பல்ல எத்தனை கிலோ விடுறான்?