மூடாக்கு போட்ட பிறகும் உருளைச் செடி வாடுகிறது, ஏன்?

செம்மண்காடு:
தாளவாடிப் பக்கம் அரை ஏக்கரில் குஃப்ரி ஜோதி ரக உருளை நட்டு இன்றோடு 48 நாள். போர்வெல்லில் தண்ணீர் குறைந்துவிட்டதால், மண் அணைத்த கையோடு காய்ந்த கரும்புத் தோகையை ஆறு அங்குலத்துக்கு மூடாக்காகப் பரப்பினேன். சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி வந்த தோகை. விலையைவிட வாடகைதான் அதிகம். சொட்டுநீர்க் குழாய் தோகைக்கு அடியில் ஓடுகிறது. எப்போதும்போல் தினமும் ஒரு மணி நேரம் விடுகிறேன். பத்து நாளாக நடுப்பகலில் செடி தொங்குகிறது, அடியிலை மஞ்சளாகிறது. தோகை போதாமல் வெறுமனே விட்ட நான்கு பார் (செடி வரிசை) மட்டும் நன்றாக நிற்கிறது! வாரி எறிந்துவிடலாமா?

மஞ்சள்பாத்தி:
தோகையை மண்ணோடு கலந்தீர்களா? கலந்தால் அது மட்கும்போது நுண்ணுயிர்கள் தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், செடி வெளுக்கும். எங்கள் தோட்டத்தில் பட்ட பாடு இது.

செம்மண்காடு:
இல்லை அண்ணா, மேலேதான் கிடக்கிறது.

கீரைக்காரி:
கரும்பு வாசத்துக்கு யானை வராதா?

செம்மண்காடு:
காய்ந்த தோகையை இதுவரை சீண்டவில்லை அக்கா. பக்கத்துக் காட்டு ராகிக்குத்தான் வருகிறது.

பழைய வேளாண் அலுவலர்:
தம்பி, அவசரப்பட்டு எதையும் வாராதீர்கள். முதலில் பாக்டீரியா வாடலா என்று பாருங்கள். வாடிய செடியின் தண்டை அடியில் அறுத்து, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் எடுத்து, அறுத்த முனை மட்டும் நனையும்படி அசையாமல் பிடியுங்கள். சில நிமிடத்தில் பால்போல் இழை இறங்கினால் அந்த நோய்தான். பிறகு ஒரு செடியைக் கிழங்கோடு தோண்டி, கிழங்கின் தோல் எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள்.

செம்மண்காடு:
மூன்று தண்டு பார்த்தேன், பால் இறங்கவில்லை. கிழங்கு கோலிக்குண்டு அளவு. தோலெங்கும் வெள்ளை வெள்ளையாகப் புடைத்த புள்ளிகள். மண்ணைப் பிடித்தால் களிபோல் கையில் ஒட்டுகிறது.

பழைய வேளாண் அலுவலர்:
அந்தப் புள்ளிகள் கிழங்கு மூச்சுவிடும் துளைகள். மண்ணில் காற்றுக்கு இடமில்லாதபோதுதான் அப்படிப் புடைக்கும். உங்கள் செடி தாகத்தில் வாடவில்லை. வேர் மூச்சுமுட்டி, காலடியில் இருக்கும் தண்ணீரையே உறிஞ்ச முடியாமல் வாடுகிறது. ஒரு மணி நேரம் என்பது வெறும் மண்ணுக்குப் போட்ட கணக்கு. வெயிலும் காற்றும் கொண்டுபோன பங்கைத் தோகை தடுத்துவிட்டது, நீங்களோ அந்தப் பங்கையும் சேர்த்தே ஊற்றுகிறீர்கள். வெறும் பார் நான்கும் நன்றாக நிற்பதற்குக் காரணம் அதுதான்.

மோட்டாரை நிறுத்துங்கள். நாலு அங்குல ஆழத்து மண்ணை எடுத்து உருட்டி, உருண்டை லேசாகத் தட்டியதும் உடைகிற நிலை வந்த பிறகே திறக்க வேண்டும். தண்டைச் சுற்றி ஒரு கை அகலம் தோகையை விலக்குங்கள். ஈரம் ஊறிய இடத்தில் மூன்று அங்குலம் போதும். முழுவதும் எடுக்க வேண்டாம்: உருளைக்கு மண் குளிர்ச்சி முக்கியம். மண் சூடு 30 டிகிரியை நெருங்கினால் கிழங்கு பிடிப்பதே தடுமாறும்.

மஞ்சள்பாத்தி:
கரையான் ஏறுகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். காய்ந்த தோகை அதற்கு விருந்து.

செம்மண்காடு (ஒன்பது நாள் கழித்து):
ஐந்து நாள் மோட்டார் போடவில்லை. வீட்டில் என்னைப் பைத்தியக்காரன்போல் பார்த்தார்கள். இப்போது நடுப்பகலிலும் செடி தொங்கவில்லை, கொழுந்து பச்சையாக வருகிறது. மஞ்சளான அடியிலை மட்டும் உதிர்ந்துவிட்டது. மூடாக்குப் பாருக்கு மூன்று நாளுக்கு ஒருமுறை போதுமென்று உருண்டை சொல்கிறது. அந்த நான்கு பாருக்கு மட்டும் தனி வால்வு வைத்துத் தினமும் விடுகிறேன். புள்ளி விழுந்த கிழங்கை என்ன செய்வது ஐயா?

பழைய வேளாண் அலுவலர்:
சாப்பிடலாம், கெடுதல் இல்லை. ஆனால் அழுகல் கிருமிக்கு அந்தத் துளைதான் வாசல். தோண்டியதும் கழுவாமல் நிழலில் உலர்த்தி, மேட்டுப்பாளையம் மண்டிக்கு முதல் வண்டியிலேயே அனுப்பிவிடுங்கள். விதைக்கு எடுத்து வைக்காதீர்கள்.