வாய்க்காலில் தெளித்த பழுப்புத் தூள்: தெருக் குழுவில் ஓர் உரையாடல்

கலைவாணி: அனைவருக்கும் வணக்கம். இன்று காலை நம் தெரு வாய்க்காலில் பழுப்பு நிறத் தூள் ஒன்றை நீரில் கரைத்துத் தெளித்தார்கள். விசாரித்ததற்குப் பி.டி.ஐ. என்று மட்டும் சொன்னார்கள். எங்கள் கன்றுக்குட்டி அந்த ஓரத்தில்தான் மேயும். அது நஞ்சா?

இராமமூர்த்தி சார்: கவலை வேண்டாம் அம்மா. அது பாசிலஸ் துரிஞ்சியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ் என்னும், கொசுப்புழுக்களைக் கொல்லும் மண் பாக்டீரியா. 1976இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில், கொசுப்புழுக்கள் செத்துக் கிடந்த ஒரு குட்டையின் சேற்றிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். நம் புதுச்சேரி இந்திரா நகரிலுள்ள, கொசு போன்ற நோய் பரப்பிகளைக் கட்டுப்படுத்த ஆராயும் வி.சி.ஆர்.சி. மையமும் இதில் தனக்கென ஒரு வகையை வளர்த்து, தயாரிக்கும் முறையை நிறுவனங்களுக்கு வழங்கியிருக்கிறது.

புவனா: கொசுப்புழுவைக் கொல்வது கன்றுக்குட்டியை மட்டும் எப்படி விட்டுவிடும், சார்?

இராமமூர்த்தி சார்: நியாயமான கேள்வி. அந்த பாக்டீரியா வித்தாக மாறும்போது தன்னுள் ஒரு புரதப் படிகத்தையும் உருவாக்குகிறது. புழு அதை விழுங்கியதும், அதன் குடலின் கடுமையான காரத்தன்மையில் படிகம் கரைய, குடலிலுள்ள நொதிகளே அப்புரதத்தை வெட்டி நஞ்சாக்க, அது குடற்சுவரில் துளையிட்டு, பெரும்பாலும் ஒரு நாளுக்குள் புழுவைக் கொன்றுவிடுகிறது. கன்றின் வயிற்றில் அந்தக் காரமும் இல்லை, அப்புரதம் பற்றிக்கொள்ளும் இடமும் இல்லை. மீனுக்கும் நமக்கும் அப்படியே.

காதர் பாய்: சார், என் வீட்டுப் பின்புறத் தொட்டியிலும் நேற்று ஊற்றினார்கள். இன்றும் சில புழுக்கள் துள்ளிக்கொண்டிருக்கின்றனவே?

இராமமூர்த்தி சார்: ஒரு கண்ணாடிக் குவளையில் எடுத்துப் பாருங்கள், பாய். தலை பருத்து, வால் வளைந்து, காற்புள்ளி போல இருந்தால் அவை கூட்டுப்புழுக்கள். அவை எதையும் உண்பதில்லை. உண்ணாததற்கு இம்மருந்தால் ஒன்றும் ஆகாது. அந்த நீரைச் சாக்கடையில் விடாமல் காய்ந்த மண்ணில் கொட்டிவிட்டு, தொட்டியின் உட்புறத்தையும் தேய்த்துக் கழுவுங்கள். டெங்குக் கொசுவின் முட்டைகள் சுவரில் ஒட்டிக்கொண்டு பல மாதங்கள் ஈரமின்றியே தாங்கும்.

செல்வராசு: என் அம்மாவுக்கு யானைக்கால் இருக்கிறது. அதற்கும் மண்ணிலிருந்து மருந்து வந்தது என்கிறார்களே, உண்மையா?

இராமமூர்த்தி சார்: உண்மைதான் தம்பி. ஜப்பானிய நுண்ணுயிர் ஆய்வாளர் சதோஷி ஓமுரா, கவானா என்னும் ஊரில் ஒரு கோல்ப் திடலருகே எடுத்த மண்ணில் கண்ட ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்னும் பாக்டீரியா இனத்திலிருந்துதான் ஐவர்மெக்டின் என்னும் அந்த மருந்து பிறந்தது. 2015இல் அவருக்கும் அதை மருந்தாக்கிய வில்லியம் கேம்பெல்லுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. நம் நாட்டில் சில மாவட்டங்களில் டி.இ.சி., அல்பெண்டசோல் என்னும் புழுக்கொல்லி மாத்திரைகளோடு இதையும் சேர்த்துத் தருகிறார்கள். இது இரத்தத்திலுள்ள, யானைக்கால் நோயின் நுண்புழுக்களை ஒழிக்கும்; வீங்கிய காலைப் பழையபடி ஆக்காது. காலைத் தினமும் கழுவி ஈரமின்றித் துடைப்பதைத் தொடரச் சொல்லுங்கள். காசநோய்க்கான ஸ்ட்ரெப்டோமைசினும் இதே பாக்டீரியா இனத்திலிருந்து வந்ததுதான். 1943இல் அதைப் பிரித்தெடுத்த ஆய்வு மாணவர் ஆல்பர்ட் ஷாட்ஸை விட்டுவிட்டு, 1952இல் பேராசிரியர் வாக்ஸ்மனுக்கு மட்டும் நோபல் பரிசு கொடுத்தது எனக்கு இன்றும் உறுத்தலே.

கலைவாணி: சரி, வாய்க்காலில் ஒருமுறை தெளித்தது போதுமா, சார்?

இராமமூர்த்தி சார்: போதாது அம்மா. அழுக்கு நீரில் அந்தத் துகள்கள் விரைவில் அடியில் படிந்துவிடும், வெயிலிலும் வீரியம் குறையும். அடுத்த சுற்று எப்போது என்று மேற்பார்வையாளரிடம் கேட்டு வையுங்கள்.

கலைவாணி: நாளைக் காலை கேட்டு இங்கே பதிவிடுகிறேன்.